காலப்பாகுபாட்டுக் கொள்கை: கடைசிக் காலப் போதனையைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்க விளக்கம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்க ஆலயங்கள் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் இருக்கின்றன. கடைவீடுகளின் மேல்மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளும் நம் நகரில் ஏராளம். உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க இயேசு கிறிஸ்து மறுபடியும் வருவார் என்பதை இவர்களில் ஒருவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த வருகைக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்று கேட்டால் பதில்கள் பிரிந்துவிடுகின்றன. ஒருவர் இரகசிய வருகை (சபையார் பூமியிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுதல்), ஏழாண்டு உபத்திரவ காலம், கிறிஸ்துவின் எதிராளியாகிய அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, அர்மகெதோன் யுத்தம், ஆயிரவருட அரசாட்சி என்று வரிசை பிசகாமல் சொல்வார். அடுத்த தெருவில் ஐம்பது ஆண்டுகளாக ஆலயத்துக்குப் போய்வரும் இன்னொருவர், இந்த வரிசையைப் பிரசங்க பீடத்திலிருந்து தாம் கேட்டதே இல்லை என்பார்.

முதலாமவர் சொன்ன வரிசைக்குப் பின்னால், வேதாகமம் முழுவதையும் வாசிப்பதற்கான ஒரு முறை இருக்கிறது. அதை ஆங்கிலப் பெயராலேயே டிஸ்பென்சேஷனலிசம் என்று எழுதுவோரும் உண்டு. காலப்பாகுபாட்டுக் கொள்கை என்போரும் உண்டு. இக்கட்டுரையில் இரண்டாவது பெயரையே பயன்படுத்துகிறேன். அக்கொள்கையை ஆதரிப்பதோ தகர்ப்பதோ என் நோக்கமன்று. இந்தப் போதனையில் எது வேதவசனம், எது அந்த வசனங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக மனிதர் கட்டிய சட்டகம் என்பதைப் புதிதாகப் படிக்க வருபவர் பிரித்தறிய வேண்டும் என்பதே என் விருப்பம். இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால் எத்தனையோ குடும்பங்களில் வேண்டாத பயமும், சபைகளுக்கிடையே வேண்டாத பிணக்கும் வளர்ந்திருக்கின்றன.

ஏழு காலங்கள்

இக்கொள்கையின் தொடக்கப்புள்ளி எளிமையானது. தேவன் மாறாதவர், ஆனால் அவர் மனிதரிடம் ஒப்படைத்த பொறுப்பு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. ஏதேனில் ஆதாமுக்கு ஒரு மரத்தின் கனியைக் குறித்த கட்டளை இருந்தது. நோவாவுக்கு அந்தக் கட்டளை இல்லை. சீனாய் மலையடியில் நின்ற இஸ்ரவேலருக்குப் பலிகளும் ஓய்வுநாளும் உணவு விதிகளும் கொடுக்கப்பட்டன. இன்று நம் ஊரில் வாழும் கிறிஸ்தவர் ஆட்டுக்கடாவைப் பலியிடுவதுமில்லை, லேவியராகமம் விலக்கிய நண்டைக் குழம்பு வைத்துச் சாப்பிடத் தயங்குவதுமில்லை. இந்த வேறுபாட்டை எல்லாக் கிறிஸ்தவர்களும் ஏதோ ஒரு விதத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். காலப்பாகுபாட்டுக் கொள்கை ஒரு படி மேலே போய், ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரையுள்ள முழு வரலாற்றையும் இத்தகைய காலங்களாகப் பகுத்து, ஒரு வசனம் எந்தக் காலத்தாருக்கு எழுதப்பட்டது என்று முதலில் தீர்மானித்துவிட்டே அதை வாசிக்க வேண்டும் என்கிறது.

பரவலாக வழங்கும் பட்டியலில் ஏழு காலங்கள் உண்டு. ஏதேனில் குற்றமறியாமை, வீழ்ச்சிமுதல் ஜலப்பிரளயம்வரை மனச்சாட்சி, நோவாமுதல் மனித அரசாங்கம், ஆபிரகாமுடன் தொடங்கும் வாக்குத்தத்தம், மோசேயுடன் வரும் நியாயப்பிரமாணம், சிலுவைக்குப் பின் கிருபை, இறுதியாகக் கிறிஸ்து பூமியில் அரசாளும் ராஜ்யம். ஒவ்வொரு காலத்திலும் மனிதனுக்கு ஒரு சோதனை வைக்கப்படுகிறது, அவன் தவறுகிறான், நியாயத்தீர்ப்பு வருகிறது, அதன்பின் புதியதோர் ஒழுங்கு தொடங்குகிறது என்பதே இதன் ஓட்டம். ஆசிரியருக்கு ஆசிரியர் எண்ணிக்கை வேறுபடுகிறது. ஏழு என்ற எண்ணே வேதத்தில் இவ்விதம் எங்கும் பட்டியலிடப்படவில்லை என்பதை இக்கொள்கையின் நல்ல ஆசிரியர்களே ஒப்புக்கொள்வார்கள்.

நியாயப்பிரமாண காலத்தில் மக்கள் கிரியைகளால் இரட்சிக்கப்பட்டார்கள், இப்போது கிருபையினால் இரட்சிக்கப்படுகிறார்கள் என்று இக்கொள்கை போதிக்கிறது எனச் சிலர் குற்றஞ்சாட்டுவார்கள். இக்கொள்கையைப் பரப்பிய, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமத்தில் யோவான் 1:17-க்கு எழுதப்பட்ட குறிப்பு அத்தகைய பொருளுக்கு இடங்கொடுத்தது உண்மை. அந்தக் குறிப்பு 1967-ஆம் ஆண்டின் புதிய பதிப்பில் திருத்தப்பட்டது. இன்று இக்கொள்கையைப் பொறுப்போடு போதிக்கும் எவரும், எல்லாக் காலத்திலும் இரட்சிப்பு கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டே உண்டாகிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பழைய குற்றச்சாட்டை இன்னும் தூக்கிப்பிடிப்பது நியாயமன்று.

இஸ்ரவேலும் சபையும்

சார்ல்ஸ் ரைரி என்ற அமெரிக்க இறையியலாளர் 1965-இல், இக்கொள்கையின் உயிர்நாடி காலங்களின் எண்ணிக்கையில் இல்லை என்று தெளிவுபடுத்தினார். இஸ்ரவேல் ஜனத்தையும் கிறிஸ்தவ சபையையும் இரு வேறு கூட்டங்களாகக் காண்பது, தீர்க்கதரிசனம் உட்பட வேதம் முழுவதையும் அதன் இயல்பான நேர்ப்பொருளில் வாசிப்பது, தேவனுடைய நோக்கம் அனைத்தும் அவருடைய மகிமைக்காகவே என்று கொள்வது ஆகிய மூன்றையுமே அவர் அடிப்படைகளாக முன்வைத்தார். இவற்றில் முதலாவது புரிந்துவிட்டால் மற்ற அனைத்தும் ஏன் அப்படி அமைகின்றன என்பது விளங்கிவிடும்.

ஆதியாகமம் 15:18-இல் எகிப்தின் நதி தொடங்கி ஐபிராத்து நதிமட்டும் உள்ள தேசத்தை ஆபிரகாமின் சந்ததிக்குக் கொடுப்பதாகத் தேவன் உடன்படிக்கை பண்ணுகிறார். 2 சாமுவேல் 7-இல் தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைபெறும் என்கிறார். இவை அந்த ஜனத்துக்கு அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவை. சபைக்குரிய ஆவிக்குரிய ஆசீர்வாதங்களாக அவற்றை மாற்றி வாசிக்க நமக்கு உரிமையில்லை. இன்னும் முழுமையாக நிறைவேறாததால் எதிர்காலத்தில் அவை எழுதப்பட்டபடியே நிறைவேறியாக வேண்டும் என்பது இக்கொள்கையின் வாதம். எனவே கிறிஸ்து எருசலேமிலிருந்து ஆயிரம் ஆண்டுகள் அரசாளும் ஒரு காலம் தேவைப்படுகிறது. அதற்கு முன் இஸ்ரவேல் மனந்திரும்பும் ஒரு நெருக்கடிக் காலம் தேவைப்படுகிறது. அந்தக் காலம் இஸ்ரவேலுக்குரியது என்பதால், சபை அதற்கு முன்பே பூமியிலிருந்து எடுக்கப்பட்டுவிட வேண்டும். இரகசிய வருகை என்ற போதனை இந்தத் தர்க்கத்தின் கடைசிக் கண்ணியாகவே வருகிறது.

மாற்றுக் கருத்துடையோர் கலாத்தியர் 3:29-ஐ எடுத்துக்காட்டுவார்கள். கிறிஸ்துவினுடையவர்களானால் நீங்களே ஆபிரகாமின் சந்ததி என்று புறஜாதியாரான கலாத்தியருக்கே பவுல் எழுதுகிறார். அப்படியானால் வாக்குத்தத்தத்தின் சுதந்தரர் யார் என்பது கிறிஸ்துவில் ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கேள்வி என்பது இவர்களது நிலை. மறுதரப்பு ரோமர் 11-ஐத் திறந்து, இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று அதே பவுல் எழுதியிருப்பதைக் காட்டும். இரு தரப்பும் வேதத்தை மதித்தே பேசுகின்றன.

தானியேலின் எழுபது வாரங்கள்

இந்தப் போதனையின் அச்சாணி தானியேல் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்கள். தொடக்க வாசகர் வேறு எதை விட்டாலும் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். ஏழாண்டு உபத்திரவம் என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது.

தானியேலின் ஜனத்தின்மீதும் பரிசுத்த நகரத்தின்மீதும் எழுபது வாரங்கள் குறிக்கப்பட்டிருப்பதாகக் காபிரியேல் தூதன் சொல்கிறான். ஒரு வாரம் என்பதை ஏழு ஆண்டுகளாகக் கொண்டால் மொத்தம் 490 ஆண்டுகள். எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளை வெளிப்படுவது முதல் மேசியாவாகிய பிரபு வரும்வரை ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும், அதாவது 69 வாரங்கள், 483 ஆண்டுகள். அதன் பின் மேசியா சங்கரிக்கப்படுவார், நகரமும் ஆலயமும் அழிக்கப்படும். கடைசி ஒரு வாரத்தில் ஒருவன் அநேகருக்கு உடன்படிக்கையை உறுதிப்படுத்தி, வாரத்தின் பாதியில் பலியை ஒழியப்பண்ணுவான்.

லண்டன் காவல்துறையில் உயர்பதவி வகித்த சர் ராபர்ட் ஆண்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை நாள் கணக்காகவே போட்டுக் காட்டினார். நெகேமியா 2-ஆம் அதிகாரத்தில் அர்தசஷ்டா ராஜா அனுமதி கொடுத்த ஆண்டை அவர் தொடக்கமாகக் கொண்டு, அந்நாளை கி.மு. 445 மார்ச் 14 என்று குறித்தார். வெளிப்படுத்தின விசேஷம் 42 மாதங்களையும் 1,260 நாட்களையும் ஒரே கால அளவாகச் சொல்வதால் ஒரு மாதத்துக்கு 30 நாள், ஓர் ஆண்டுக்கு 360 நாள் என்று எடுத்துக்கொண்டார். 483-ஐ 360-ஆல் பெருக்கினால் 1,73,880 நாட்கள். அந்த நாட்களை எண்ணிச் சென்றால் கி.பி. 32 ஏப்ரல் 6-இல் முடிகிறது என்றும், அதுவே இயேசு கழுதைக்குட்டியின்மேல் ஏறி எருசலேமுக்குள் பவனி வந்த நாள் என்றும் அவர் எழுதினார்.

கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமைவதைப் பார்க்கும் எவருக்கும் வியப்பு உண்டாகும். ஆனால் இதில் ஒரு முடிவுக்கு மாற்றாக வேறொரு முடிவையும் எடுக்க இடமிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டில், அதாவது கி.மு. 457-இல், எஸ்றாவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையைத் தொடக்கமாகக் கொண்டு, சாதாரண சூரிய ஆண்டுகளாகவே 483-ஐ எண்ணுவோர் கி.பி. 27-க்கு வந்து, அது இயேசுவின் ஞானஸ்நானத்தின் காலம் என்கிறார்கள். இன்னொரு சாரார் இத்தீர்க்கதரிசனம் முழுவதும் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நான்காம் அந்தியோகஸ் எப்பிபானேஸின் காலத்தையே குறிக்கிறது என்று வாசிக்கிறார்கள். வேறு சிலர் கடைசி வாரமும் முதல் நூற்றாண்டிலேயே நிறைவேறிவிட்டது, பலியை ஒழித்தவர் கிறிஸ்துவே, நகரத்தின் அழிவு கி.பி. 70-இல் ரோமர் கையால் நடந்தேறியது என்கிறார்கள்.

காலப்பாகுபாட்டுக் கொள்கையின் தனித்தன்மை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. 69-ஆம் வாரம் முடிந்ததும் தேவனுடைய கடிகாரம் இஸ்ரவேலைப் பொறுத்தவரை நின்றுவிட்டது என்கிறார்கள். மேசியாவை அந்த ஜனம் ஏற்றுக்கொள்ளாததால், தீர்க்கதரிசிகளுக்கு மறைக்கப்பட்டிருந்த சபையின் காலம் இடையில் நுழைந்தது. அதன் நீளத்தை யாரும் அறியார். சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பின்பு 70-ஆம் வாரமாகிய ஏழு ஆண்டுகள் ஓடத் தொடங்கும். உடன்படிக்கை செய்து பாதியில் முறிப்பவன் அந்திக்கிறிஸ்து. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நீளும் இந்த இடைவெளி தானியேலின் வசனத்தில் நேரடியாகச் சொல்லப்படவில்லை. விமர்சகர்கள் அழுத்திக் கேட்பது இதையே: நேர்ப்பொருளில் வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்துவோர், 490 ஆண்டுகளுக்கு நடுவே இவ்வளவு பெரிய இடைவெளியை வைப்பது எப்படி?

அதற்கு அவர்கள் தரும் பதில் எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று. நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61-ஐ வாசித்தபோது, கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தைப் பற்றிய சொற்களோடு புத்தகத்தைச் சுருட்டிவிட்டார். அதே வசனத்தில் அடுத்து வரும் நீதியைச் சரிக்கட்டும் நாளை அவர் வாசிக்கவில்லை. ஒரே வசனத்தின் இரு பாதிகளுக்கு நடுவே அவரே ஓர் இடைவெளியை வைத்தார் என்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து கிழக்கே பார்க்கும்போது தித்திவங்சா மலைத்தொடரின் முன்வரிசையும் பின்வரிசையும் ஒட்டியிருக்கும் ஒரே நீலச் சுவராகத் தெரிகின்றன. நடுவிலுள்ள பள்ளத்தாக்குகள் அருகில் போனால்தான் தெரியும். தீர்க்கதரிசிகளும் கிறிஸ்துவின் முதல் வருகையையும் இரண்டாம் வருகையையும் அவ்விதமே கண்டார்கள் என்பது இவர்களது விளக்கம். என் பார்வையில், வேதத்தில் இத்தகைய இடைவெளிகள் இருக்கக்கூடும் என்பதை லூக்கா 4 காட்டுகிறது. தானியேல் 9-இல் அப்படியொன்று இருக்கிறது என்பதை அது நிறுவவில்லை.

இரகசிய வருகையும் ஆறுதலும்

தானியேலின் கடைசி வாரத்தை எதிர்காலத்தில் வைத்துவிட்டால் மற்றவை அதைச் சுற்றி ஒழுங்காக அமைகின்றன. பல சபைகளில் சுவரின் நீளத்துக்குத் தொங்கும் பேனரை நீங்கள் பார்த்திருக்கலாம். இடப்பக்கம் சிருஷ்டிப்பு, நடுவில் சிலுவை, அதற்கடுத்து அளவு குறிக்கப்படாத சபையின் காலம், அதன் முடிவில் மேல்நோக்கிச் செல்லும் அம்பு, பிறகு இரண்டாகப் பிளக்கப்பட்ட ஏழாண்டுக் கட்டம், கீழ்நோக்கி இறங்கும் அம்பு, ஆயிரம் என்று எழுதப்பட்ட நீண்ட கட்டம், வெள்ளைச் சிங்காசனம், புதிய வானமும் புதிய பூமியும். இயந்திர வரைபடக் கலைஞராக இருந்து போதகரான கிளாரன்ஸ் லார்க்கின் என்ற அமெரிக்கர் (1850–1924) வரைந்த படங்களின் சாயலை இவற்றில் பெரும்பாலும் காணலாம். அந்தப் பேனரில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வசனம் உண்டு. பெட்டிகளுக்கு நடுவிலுள்ள கோடுகளுக்குத்தான் வசனம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மேல்நோக்கிய அம்புக்கு ஆதாரம் 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரம். கர்த்தர் வானத்திலிருந்து இறங்கிவருவார், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், உயிரோடிருக்கும் நாமும் மேகங்கள்மேல் அவர்களோடேகூட எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று பவுல் எழுதுகிறார். இதைக் கிறிஸ்தவர் அனைவரும் நம்புகிறார்கள். இது ஏழாண்டு உபத்திரவத்துக்கு முன்பே நடக்கும் தனி நிகழ்ச்சியா, அல்லது கிறிஸ்துவின் ஒரே மகிமையான வருகையின் பகுதியா என்பதே கேள்வி. உபத்திரவத்துக்கு முன் என்போர், தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்னும் 1 தெசலோனிக்கேயர் 5:9-ஐயும், சோதனைகாலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்னும் வெளிப்படுத்தின விசேஷம் 3:10-ஐயும் காட்டுவார்கள். பின் என்போர், உபத்திரவம் முடிந்தபின் எக்காள சத்தத்தோடு தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் சேர்க்கப்படுவதைச் சொல்லும் மத்தேயு 24:29–31-ஐயும், பாவமனுஷன் வெளிப்படுமுன் அந்த நாள் வராது என்னும் 2 தெசலோனிக்கேயர் 2-ஐயும் காட்டுவார்கள். நடுவில் என்போரும் இருக்கிறார்கள்.

திடப்படுத்தல் வகுப்பில் ஒரு சிறுமி என்னிடம், பள்ளிவிட்டு வீட்டுக்கு வரும்போது அம்மா இல்லாவிட்டால் தான் மட்டும் விடப்பட்டுவிட்டோமோ என்று பயந்து, பக்கத்து வீட்டு அத்தை இருக்கிறாரா என்று ஓடிப்போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். அவளை அப்படிப் பயமுறுத்தியது ஒரு திரைப்படம். அந்தப் பிள்ளைக்கு நான் 1 தெசலோனிக்கேயர் 4-ஐ 13-ஆம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். தங்கள் நடுவே இறந்துபோனவர்கள் கர்த்தரின் வருகையில் பங்கில்லாமல் போய்விடுவார்களோ என்று துக்கப்பட்டவர்களுக்கே பவுல் அதை எழுதினார். நம்முடைய தமிழ்ச் சபைகள் செராஸ் கல்லறைத் தோட்டத்தில், குழிக்கருகே நின்று, இதே பகுதியை வாசிக்கின்றன. அது முடியும் வசனம் “ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்பது. உபத்திரவத்துக்கு முன்னா பின்னா என்று எந்த முடிவுக்கு வந்தாலும், பிள்ளைகளை மிரட்டுவதற்கு இந்த வசனத்தைப் பயன்படுத்துபவர் பவுல் எழுதிய நோக்கத்துக்கு எதிராகவே பயன்படுத்துகிறார்.

இந்தப் போதனை வந்த வழி

ஆயிரவருட அரசாட்சி பூமியில் நடக்கும் என்ற நம்பிக்கை பழமையானது. இரண்டாம் நூற்றாண்டின் யுஸ்தீனும் ஐரேனியுவும் அதை நம்பினார்கள். ஆனால் சபையையும் இஸ்ரவேலையும் நிரந்தரமாகப் பிரித்து, கிறிஸ்துவின் வருகையை இரு கட்டங்களாக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டில்தான் ஓர் அமைப்பாக உருப்பெற்றது. அதற்கு வடிவம் கொடுத்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்துத் திருச்சபையின் குருவாக இருந்து விலகி, சகோதரர் சபை என்று நாம் அழைக்கும் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரானார். 1830-களில் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இந்தக் கருத்துகள் விவாதிக்கப்பட்டன.

இதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது சைரஸ் ஸ்கோஃபீல்டு தயாரித்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1909-இல் வெளியிட்ட விளக்க வேதாகமம். அதன் செல்வாக்குக்கு முக்கியக் காரணம் அதன் பக்க அமைப்பு. வசனம் மேலே, அதற்கான விளக்கம் அதே பக்கத்தின் கீழே. தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தவர்களுக்கு எது பவுல் எழுதியது, எது ஸ்கோஃபீல்டு எழுதியது என்ற எல்லை மங்கிப்போனது. 1924-இல் லூயிஸ் ஸ்பெரி சேஃபர் நிறுவிய இறையியல் கல்லூரி, பின்னாளில் டாலஸ் இறையியல் செமினரி என்று பெயர்பெற்று, இக்கொள்கைக்குக் கல்விப் பின்புலத்தை அளித்தது. 1914-இல் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகள், சபை எடுத்துக்கொள்ளப்படுதலையும் ஆயிரவருட அரசாட்சியையும் தங்கள் விசுவாச அறிக்கையிலேயே எழுதிக்கொண்டன. அன்னியபாஷை போன்ற வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்தன என்று போதித்த ஸ்கோஃபீல்டின் கால அட்டவணையை, அந்த வரங்களே உயிர்மூச்சான பெந்தெகொஸ்தேயினர் ஏற்றுக்கொண்டது வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒன்று.

தமிழருக்கும் இந்த இயக்கத்துக்குமான தொடர்பு மிகவும் பழையது. டார்பியின் காலத்திலேயே, சகோதரர் சபை முன்னோடிகளில் இன்னொருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் தென்னிந்தியாவுக்கு வந்தார்; அவரோடு நெருங்கிப் பழகிய தமிழ் ஊழியர் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலில் முக்கிய இடம் பெற்றார். மலேசியாவில் சகோதரர் சபையினரின் ஊழியம் பினாங்கில் வேரூன்றியது. பர்மா சாலையில் அவர்களுடைய கோஸ்பல் ஹால் இருக்கிறது. தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகள் இந்தப் போதனையை இலங்கை, தமிழ்நாடு வழியாகவும், ஆங்கிலப் புத்தகங்கள், தொலைக்காட்சி வழியாகவும் பெற்றுக்கொண்டன.

லுத்தரன், கத்தோலிக்கச் சபையினர் இதைக் கேட்டு வளராததற்கும் காரணம் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீன், வெளிப்படுத்தின விசேஷம் 20-ஆம் அதிகாரத்தின் ஆயிரம் ஆண்டுகளைச் சபையின் இக்காலத்துக்கான அடையாளமாக வாசித்தார். மேற்கத்தியத் திருச்சபை பெரும்பாலும் அவ்வழியே நடந்தது. 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, உயிர்த்தெழுதலுக்கு முன் நீதிமான்கள் உலக ஆட்சியைக் கைப்பற்றுவார்கள் என்ற போதனையை 17-ஆம் பிரிவில் மறுக்கிறது. மெதடிஸ்ட் சபையின் மதக் கோட்பாடுகள் ஆயிரம் ஆண்டுகளைப் பற்றி எதையும் கட்டளையிடாததால், ஒரே மெதடிஸ்ட் ஆலயத்தில் இரு கருத்தினரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள்.

தேதிகளும் செய்திகளும்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தடுப்பூசியையும் கைபேசிச் செயலியையும் மிருகத்தின் முத்திரையோடு இணைத்த செய்திகள் இரவும் பகலும் வந்துகொண்டிருந்தன. வயதான பெற்றோர் சிலர் ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கினார்கள். இந்தக் கொள்கையைக் கற்றவர்களே அச்செய்திகளை முதலில் மறுத்திருக்க வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 13-இல் வரும் 666 என்ற முத்திரை, அவர்களது வரிசையின்படி, சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பின்பு, அந்திக்கிறிஸ்து வெளிப்பட்ட பின்பு, அவனை வணங்குவதற்கு அடையாளமாக வருவது. சபை இன்னும் பூமியில் இருக்கும்போது ஒரு மருந்தகத்தில் அதைத் தேடுவது அவர்களுடைய சொந்த அட்டவணைக்கே பொருந்தாது.

தேதி குறிப்பதும் அப்படித்தான். கிறிஸ்துவின் வருகை எந்த நொடியிலும் நிகழலாம், அதற்கு முன் எந்த அடையாளமும் நடந்தாக வேண்டியதில்லை என்பது டார்பி வழியினரின் மூலப்போதனை. பூமியதிர்ச்சியையும் யுத்தத்தையும் எண்ணி நாள் குறிப்பவர் அந்தப் போதனையைக் கைவிட்டுவிடுகிறார். ஆயினும் 1948 மே 14-இல் இஸ்ரவேல் நாடு உருவானதும், துளிர்விடும்போது முடிவு சமீபம் என்று மத்தேயு 24 சொல்லும் அத்திமரம் அதுவே, அதைக் காணும் சந்ததி ஒழிந்துபோகுமுன் எல்லாம் நடக்கும், ஒரு சந்ததி 40 ஆண்டு என்று கூட்டி, 1988-ஐ எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பருக்கு நாள் குறித்து அமெரிக்காவில் வெளியான ஒரு சிறுநூல் இலட்சக்கணக்கில் பரவியது. செப்டம்பர் கடந்துபோனது. 1844 அக்டோபர் 22-ஐ ஏற்றுக்கொண்டு எதிர்பார்த்த வில்லியம் மில்லரும், 2011 மே 21-ஐக் குறித்த ஹெரால்டு கேம்பிங்கும் காலப்பாகுபாட்டுக் கொள்கையினர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அண்டை வீட்டு முஸ்லிம் நண்பரோ அலுவலகத் தோழரோ, கிறிஸ்தவர்கள் எல்லாரும் இஸ்ரவேல் அரசு செய்வதை ஆதரிக்க வேண்டும் என்று உங்கள் வேதம் சொல்கிறதா என்று நம்மிடம் கேட்பதுண்டு. 1948-ஐத் தீர்க்கதரிசன நிறைவேறுதலாகக் காணும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் காணாதவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். பெத்லகேமில் தலைமுறைகளாக வாழும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு எதிர்காலத்தில் தேவனுடைய திட்டத்தில் இடம் உண்டு என்று நம்புவதும், இன்று அந்நாட்டு அரசு எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் நியாயம் என்பதும் வெவ்வேறு காரியங்கள். பண்டைய இஸ்ரவேலின் ராஜாக்களை மிகக் கடுமையாகக் கண்டித்தவர்கள் இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளே.

இக்கொள்கையும் அப்படியே நின்றுவிடவில்லை. கடந்த நூற்றாண்டின் இறுதியில் கிரெய்க் பிளேசிங், டாரல் பாக் ஆகியோர், டார்பி வைத்த பிரிவு மிகக் கடினமானது, தாவீதின் சிங்காசனத்தைக் குறித்த வாக்குத்தத்தம் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலிலேயே நிறைவேறத் தொடங்கிவிட்டது, ஆனால் இஸ்ரவேலுக்கான எதிர்காலம் இன்னும் இருக்கிறது என்று எழுதினார்கள். பழைய கொள்கையினருக்கு இது அதிகமான விட்டுக்கொடுப்பு. மறுதரப்பினருக்கு இது இன்னும் போதாது. ஆயினும் இரு தரப்பும் உட்கார்ந்து பேசக்கூடிய தூரம் குறைந்திருக்கிறது.

தொடங்க விரும்புகிறவருக்கு நான் சொல்வது இவ்வளவே. விளக்கக் குறிப்புகளும் பேனர்களும் இல்லாத சாதாரண வேதாகமம் ஒன்றை எடுத்து, தானியேல் 9-ஐ 24-ஆம் வசனத்தில் அல்ல, முதல் வசனத்தில் தொடங்குங்கள். அங்கே தானியேலே ஒரு தீர்க்கதரிசன வாசகராக இருக்கிறார். எருசலேமின் பாழ்க்கடிப்பு எழுபது வருஷம் என்று எரேமியா எழுதியதைப் படித்திருக்கிறார். அதன் பின் வரும் நீண்ட ஜெபத்தில் அவர் ஒரு தேதியையும் கேட்கவில்லை. தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறார். அந்த ஜெபத்துக்குப் பதிலாகத்தான் எழுபது வாரங்கள் வருகின்றன. அடுத்ததாக 1 தெசலோனிக்கேயர் முழுவதையும், பிறகு வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் மூன்று அதிகாரங்களையும் வாசியுங்கள். அதற்குப் பின் அந்தப் பேனரின் முன் நின்று, ஒவ்வொரு கோட்டையும் விரலால் காட்டி, இதற்கு வசனம் எது என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள்.